மலையகத்தில் விசேட தேவையுள்ள பிள்ளைக்கு நீச்சல் பழக்க: கடிதம், தடாகம், செலவு, முதல் பாடம்

என் மகனுக்கு செரிப்ரல் பால்சி, அதாவது மூளை வாதம். வலது கையும் வலது காலும் இறுக்கம். நாங்கள் இருப்பது ஹட்டன் பக்கம். "இவனைத் தண்ணீரில் இறக்கிப் பாருங்கள்" என்று பிசியோதெரபி மிஸ் சொன்ன நாளிலிருந்து, யாருடைய பிடியும் இல்லாமல் அவன் மிதந்த நாள் வரை நாங்கள் பட்ட அலைச்சல் கொஞ்சமில்லை. யாராவது முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லியிருந்தால் அதில் பாதி மிச்சமாகியிருக்கும். கொழும்புப் பெற்றோர் தரும் யோசனைகள் நமக்கு அப்படியே சரிவராது. அங்கே தண்ணீர் தானாகவே இளஞ்சூடாக இருக்கும். இங்கே எந்த ஊர், எந்த மாதம், எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்ற எல்லாவற்றையும் குளிர்தான் தீர்மானிக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதை வாசியுங்கள்.

1. டொக்டரின் கடிதம் இல்லாமல் எங்கேயும் பேசப் போகாதீர்கள்

தடாகக்காரர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இந்தக் கடிதம் உங்களுக்கு வேண்டும். பிள்ளை வழக்கமாகப் போகும் கிளினிக்கிலேயே எடுக்கலாம். நுவரெலியா, டிக்கோயா, பதுளை என்று எந்த அரசாங்க ஆஸ்பத்திரியாக இருந்தாலும் சரி, பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையாக இருந்தாலும் சரி, பிள்ளையின் வரலாறு தெரிந்த டொக்டர் எழுதுவதுதான் நல்லது. தோட்ட டிஸ்பென்சரித் துண்டு இதற்குப் போதாது. அரசாங்க கிளினிக்கில் காசு இல்லை, ஆனால் ஒரு நாள் வேலை போகும். அதனால் தனியாக ஒரு பயணம் வைக்காமல், அடுத்த கிளினிக் திகதியன்று இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கொண்டு போகவேண்டியவை: கிளினிக் கொப்பி, பிறந்ததிலிருந்து வைத்திருக்கும் சிறுவர் சுகாதாரப் பதிவேடு, இப்போது குடிக்கும் மருந்துகளின் பெயரும் அளவும், பழைய ஸ்கேன் அல்லது எக்ஸ்ரே இருந்தால் அதுவும்.

"நீந்தலாம்" என்று ஒற்றை வரியில் வாங்கிக்கொண்டு வராதீர்கள். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று எழுதச் சொல்லுங்கள். கேள்வி பிள்ளைக்குப் பிள்ளை மாறும்.

டவுன் சின்ட்ரோம் பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஏதாவது குறை இருக்கும், அதனால் இதயத்தைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். அப்புறம் கழுத்து. மேலே உள்ள இரண்டு கழுத்தெலும்புகளுக்கு இடையில் தளர்வு இருக்கக்கூடும் என்பதால், தலைகீழாகக் குதிப்பது பெரிய ஆபத்து. டொக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை குதிக்கவே விடாதீர்கள். வலிப்புள்ள பிள்ளைக்குக் கடைசியாக எப்போது வந்தது, எப்படி ஆரம்பிக்கும், வழக்கமாக எவ்வளவு நேரம் நிற்கும் என்பது கடிதத்தில் இருக்க வேண்டும். காதில் குழாய் வைத்திருந்தால், வயிற்றில் உணவுக் குழாய் இருந்தால், முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். முதுகுத்தண்டுப் பிளவுள்ள பிள்ளைக்குக் காலில் உணர்வு குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம். தடாகத்தின் சொரசொரத் தரையில் கால் விரல் தேய்ந்து இரத்தம் வந்தாலும் அதற்குத் தெரியாமல் போகலாம். மெல்லிய நீச்சல் சப்பாத்து போட்டே இறக்குங்கள். அப்படிப்பட்ட பிள்ளைகள் பலருக்கு இரப்பர்ப் பால் ஒவ்வாமையும் இருக்கும், ஆகவே இரப்பர்த் தொப்பி வேண்டாம். தொண்டையில் துளையிட்டு மூச்சு விடும் பிள்ளைக்கு இந்தக் கட்டுரையே பொருந்தாது. அது முழுக்க ஆஸ்பத்திரி முடிவு.

கடிதத்தை மூன்று போட்டோக் கொப்பி எடுங்கள். ஒன்று தடாகத்துக்கு, ஒன்று பயிற்றுநருக்கு, ஒன்று பைக்குள்.

2. தடாகம் பார்ப்பது: கையை விட்டுப் பாருங்கள், படியை எண்ணுங்கள்

உயரம் 1000 மீற்றர் கூடினால் சூடு சுமார் ஆறரைப் பாகை குறையும். கண்டி ஏறக்குறைய 500 மீற்றர், ஹட்டன் 1270, நுவரெலியா 1870. ஆக நுவரெலியாவில் வெளியில் உள்ள சூடேற்றாத தடாகத்தை யோசிக்கவே வேண்டாம். தசை இறுக்கம் உள்ள பிள்ளை குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் இறுக்கம் கூடும், மூச்சு சிறிதாகும், பயம் வரும். இந்தப் பிள்ளைகளுக்கு 30 முதல் 33 பாகை வரை நல்லது. 28க்குக் கீழே என்றால் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். போட்டிக்குப் பழகுகிறவர்களின் தடாகம் 25 முதல் 28 பாகை வரைதான் இருக்கும். "இங்கே பெரிய பெரிய பிள்ளைகள் எல்லாம் நீந்துகிறார்கள்" என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள்.

குழந்தை குளிப்பாட்டும் தொட்டிக்கு வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "தண்ணீர் சூடுதான்" என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். வெப்பமானி வேறு கதை சொல்லும்.

நடைமுறையில் நமக்கு இருக்கும் வழிகள் மூன்று. கீழே கண்டிப் பக்கம் இறங்குவது, பதுளைப் பக்கம் இருப்பவர்கள் அங்கேயே வெயில் விழும் தடாகம் தேடுவது, அல்லது சூடேற்றிய தடாகம் உள்ள ஹொட்டேலுடன் பேசுவது. கண்டியில் பெரிய பாடசாலைகள் சிலவற்றிலும் தடாகம் உண்டு. வெளிப் பிள்ளைகளை எடுப்பார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும், வருடத்துக்கு வருடமும் மாறும். நேரில் கேட்டால்தான் தெரியும்.

பார்க்கப் போகும்போது பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள். நீங்கள் மட்டும் ஒரு வார நாளில் போய்ப் பாருங்கள். இறங்குவதற்குப் படிக்கட்டும் கைப்பிடியும் இருக்கிறதா, சுவரோடு ஒட்டிய இரும்பு ஏணி மட்டுமா? ஏணி மட்டும்தான் என்றால், கால் பலவீனமான பிள்ளையை ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர் தூக்க வேண்டிவரும். ஆழம் குறைந்த பக்கத்தில் தண்ணீர் உங்கள் பிள்ளையின் நெஞ்சளவு இருக்க வேண்டும். உடுப்பு மாற்றும் அறை எவ்வளவு தூரம், தரை வழுக்குமா, பெரிய பிள்ளையைப் படுக்கவைத்து உடுப்பு மாற்ற ஒரு வாங்காவது உண்டா? மகள் அப்பாவுடனோ, மகன் அம்மாவுடனோ வந்தால் எந்த அறைக்குள் போவது? இதை முன்கூட்டியே பேசிவைக்காவிட்டால் அன்றைக்கு வாசலில் சண்டைதான்.

தண்ணீர் கலங்கி, அடியில் உள்ள வடிகால் மூடி மேலிருந்து கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அன்றைக்கு இறங்க வேண்டாம். பிள்ளை அடியில் போனாலும் யாருக்கும் தெரியாது.

ஒரு ஹொட்டேலில் எங்களுக்குப் போனில் சரி என்றார்கள். நேரில் போனதும் மகனின் நடையைப் பார்த்துவிட்டு, மற்ற விருந்தினர்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்றார்கள். இது உங்களுக்கும் நடக்கலாம். இயலாமையுள்ளவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, பொதுமக்கள் போகக்கூடிய இடத்துக்கு ஒருவர் வருவதை அவருடைய இயலாமையைக் காரணம் காட்டித் தடுக்க முடியாது. வாசலில் நின்று கத்துவதை விட, சட்டத்தின் இலக்கத்தைச் சொல்லி "மறுப்பதை எழுதித் தாருங்கள்" என்று அமைதியாகக் கேட்பது வேலை செய்யும். பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடமும் முறையிடலாம். ஆனால் என் அபிப்பிராயம், மனமில்லாத இடத்தில் பிள்ளையை விட்டுப் பழக்குவதை விட வேறு இடம் தேடுவது மேல்.

3. பயிற்றுநரிடம் கேட்க வேண்டியது

பதக்கங்களைப் பார்க்காதீர்கள். நன்றாக நீந்துகிறவர் எல்லோரும் நம் பிள்ளைக்குப் பழக்குவார் என்று இல்லை. இவற்றைக் கேளுங்கள்: உயிர்காப்புப் பயிற்சி பெற்றவரா, அது எந்த வருடத்தில்? நெஞ்சை அமுக்கி மூச்சுக் கொடுக்கத் தெரியுமா? நம் பிள்ளையோடு அவரும் தண்ணீருக்குள் இறங்குவாரா, கரையில் நின்று கத்துவாரா? ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள் என்று ஒத்துக்கொள்வாரா? கடைசி இரண்டுக்கும் "இல்லை" என்றால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ஹாலிவிக் முறை என்று ஒன்று உண்டு. விசேட தேவையுள்ளவர்களுக்காகவே உருவான பத்துப் படிகள் கொண்ட முறை. காற்றுப் பை, மிதவை எதுவும் கட்டாமல், ஒருவருக்கு ஒருவர் தாங்கிப் பழக்குவார்கள். நம் பக்கத்தில் அதில் பயிற்சி பெற்றவர் கிடைப்பது கஷ்டம், ஆனால் அதன் வரிசையைத் தெரிந்துகொண்டு பயிற்றுநருடன் பேசலாம். கேட்டுக்கொள்ளும் மனமுள்ள சாதாரணப் பயிற்றுநர் போதும்.

மொழி ஒரு பிரச்சினை. பயிற்றுநர் பெரும்பாலும் சிங்களம் பேசுவார், பிள்ளைக்குத் தமிழ் மட்டும் விளங்கும். தண்ணீருக்குள் மொழிபெயர்க்க நேரமில்லை. "ஊது, படு, எழும்பு, பிடி" என்ற நான்கு சொற்களை முதல் நாளே பயிற்றுநருக்குச் சொல்லிக்கொடுங்கள். வீட்டிலும் அதே சொற்களைத்தான் பாவிக்க வேண்டும். இன்றைக்கு "எழும்பு", நாளைக்கு "நில்லு" என்றால் பிள்ளை குழம்பும். காது கேட்காத பிள்ளைக்குச் செவிக்கருவியைக் கழற்றித்தானே இறக்க வேண்டும், அதனால் இந்த நான்குக்கும் கைச்சைகை முன்பே தீர்மானமாகி இருக்கட்டும். பார்வை இல்லாத பிள்ளை என்றால் எந்தத் தோளைத் தட்டினால் எந்தப் பக்கம் திரும்புவது என்பது.

விசிலையும் சொல்லிவிடுங்கள். என் மகன் திடீர்ச் சத்தம் கேட்டால் உடம்பு முழுக்க விறைத்து, தலையைப் பின்னால் எறிவான். பக்கத்தில் வேறொரு வகுப்பு விசில் ஊதும் நேரத்தில் மல்லாக்கப் படுக்கவைத்தால் அவ்வளவுதான். ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு அந்த எதிரொலியே தாங்காது. கூட்டமில்லாத நேரம் கேட்டு வாங்குங்கள்.

பிள்ளையைத் தனியாக ஒப்படைத்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள், எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும். பேச முடியாத பிள்ளை நடந்ததை வந்து சொல்லாது. சந்தேகமாக ஏதாவது இருந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.

4. காசு எங்கே போகும்

பாடத்துக்கான ஃபீஸை விடப் போக்குவரத்துதான் கூட வரும். இதை முதலில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவு எடுங்கள். பஸ்ஸில் போக முடிந்தால் செலவு குறைவு, ஆனால் ஈரத் தலையோடு திரும்பும் பிள்ளையை நின்றுகொண்டு கூட்டி வர முடியாது. த்ரீவீலர் என்றால் காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்து முதலே பேசுங்கள். ஒரே பக்கத்தில் இருந்து மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பிடித்தால் தலைக்கு வருவது தாங்கக்கூடிய தொகையாகும். மற்றப் பெற்றோரைக் கிளினிக் வரிசையில் கண்டுபிடிக்கலாம். நாங்கள் அப்படித்தான் சேர்ந்தோம்.

தடாகத்தில் கேட்கவேண்டிய கேள்விகள்: தண்ணீரில் கூட இறங்கும் அம்மாவுக்கும் டிக்கெட் உண்டா? ஹொட்டேல் என்றால் சாப்பாடும் வாங்கியே ஆகவேண்டுமா? வலிப்பு, காய்ச்சல், மண்சரிவால் பாதை மூடல் என்று வர முடியாமல் போனால் அந்தப் பாடம் பிறகு கிடைக்குமா? முதல் இரண்டு மாதமும் பாடத்துக்குப் பாடம் காசு கொடுங்கள். "மூன்று மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் கழிவு" என்பதில் விழாதீர்கள். நம் பிள்ளைகளுக்கு வராமல் போகும் நாட்கள் நிறைய.

கையெழுத்து கேட்கும் படிவம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோதான் இருக்கும். வீட்டுக்குக் கொண்டு போய், வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்து வையுங்கள். "எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற வரி அநேகமாக இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே "டொக்டர் கடிதத்தின் கொப்பி கொடுக்கப்பட்டது" என்று எழுதிவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

வாங்கவேண்டியவை அதிகமில்லை. உடம்போடு ஒட்டிய நீச்சல் உடை, துணித் தொப்பி, இரண்டு பெரிய துவாய், கம்பளித் தொப்பி. மலசலக் கட்டுப்பாடு இல்லாத பிள்ளைக்கு நீச்சலுக்கென்றே உள்ள டயப்பர் வேண்டும். சாதாரண பெம்பஸ் தண்ணீரை உறிஞ்சி ஊதிப்போய்ப் பிரிந்துவிடும், அதன்பின் தடாகத்தையே மூடுவார்கள். கையில் மாட்டும் காற்றுப் பையை வாங்காதீர்கள். அது பிள்ளையை நிமிர்ந்த நிலையில் தூக்கி வைக்கும், மிதக்கப் பழக்காது. அது இல்லாத நாளில் தண்ணீருக்குள் குதிக்கும் துணிச்சலையும் கொடுக்கும், அதுதான் பெரிய ஆபத்து.

5. முதல் மாதம் வீட்டில், பேசினில்

இதற்குச் செலவே இல்லை. இளஞ்சூட்டுத் தண்ணீர் நிரப்பிய பெரிய பேசின் போதும். முதலில் முகத்தில் தண்ணீர் படுவதைப் பழக்குங்கள்: கன்னம், நெற்றி, பிறகு ஜொக்கால் தலையில். பீலியில் குளித்துப் பழகிய பிள்ளைக்கு இது இலகு. அடுத்தது ஊதுவது. ஒரு பிங்பொங் பந்தைத் தண்ணீரில் விட்டு, அதை மறுபக்கம் வரை ஊதச் சொல்லுங்கள். பிறகு உதட்டைத் தண்ணீரில் வைத்துக் குமிழி விடுவது. தண்ணீர் முகத்தைத் தொட்டதும் மூச்சை உள்ளே இழுக்கும் பிள்ளை மூச்சுத் திணறும், வெளியே ஊதும் பிள்ளை தப்பும். இது பழகாமல் தடாகத்துக்குக் காசு கட்டுவது வீண்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு பஸ், வாசல், உடுப்பு மாற்றும் அறை, ஷவர், படி, தண்ணீர், துவாய், தேநீர் என்று வரிசையாகப் போனில் படம் எடுத்து, தினமும் காட்டிக்கொண்டு வாருங்கள்.

6. மாதமும் மணியும்

ஹட்டன், நுவரெலியா மேற்குப் பக்கத்துக்கு மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை. ஒக்டோபர், நவம்பரில் இடியும் மண்சரிவும். ஜனவரி கடைசியில் ஆரம்பித்தால் மார்ச் முடியும் வரை தொடர்ச்சியாகப் போகலாம். பதுளை, பண்டாரவளைப் பக்கம் இதற்கு நேர் எதிர்: டிசம்பர், ஜனவரியில் மழை, ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வெயில். ஏப்ரலில் நுவரெலியா சீசன், ஹொட்டேல் பக்கமே போக முடியாது.

மணி என்றால் காலை 11க்குப் பிறகு, பின்னேரம் 2 மணிக்கு முன். காலை ஏழு மணி வகுப்பு மலிவாகக் கிடைக்கும். வேண்டாம்.

வளைவுப் பாதையில் பஸ் பயணம் பிள்ளைக்கு வயிற்றைப் புரட்டும். ஒரு மணித்தியாலம் முன்கூட்டியே போய் இறங்கி, ஆறவிடுங்கள். வாந்திக்கு மாத்திரை கொடுத்துக் கூட்டிப் போகிறவர்கள் உண்டு. அந்த மாத்திரைகள் பல தூக்கம் வரச் செய்யும். தூங்கி வழியும் பிள்ளையை, முக்கியமாக வலிப்புள்ள பிள்ளையை, தண்ணீரில் இறக்கக்கூடாது. டொக்டரிடம் கேளாமல் கொடுக்காதீர்கள்.

7. தண்ணீருக்குள் எது முதலில்

கை வீசுவதும் கால் அடிப்பதும் கடைசி. முதல் பாடம் 15 நிமிடம் போதும். பிறகு மெல்ல மெல்ல அரை மணித்தியாலம் வரை கூட்டலாம். உதடு நீலமானால், நடுங்கினால், பாடம் முடிந்தது. காசு கட்டியாயிற்று என்று நிற்கவேண்டாம்.

பிடிக்காதீர்கள், தாங்குங்கள். உள்ளங்கையை விரித்து இடுப்புக்குக் கீழே வையுங்கள். இறுக்கிப் பிடித்தால் பிள்ளையும் இறுகும். முதலில் முகத்துக்கு முகம் பார்த்தபடி நடக்க வையுங்கள். பிறகு மல்லாக்கப் படுப்பது. ஆனால் படுப்பதற்கு முன் எழும்பப் பழக்க வேண்டும். தாடையை நெஞ்சுக்குக் கொண்டுவந்து, முழங்காலை மடக்கி, கையை முன்னால் நீட்டி, ஊதினால் உடம்பு தானாக நிமிரும். இதைத் தானே செய்யத் தெரிந்த பிள்ளைக்குத் தண்ணீர்ப் பயம் பாதி போய்விடும்.

ஒரு பக்கம் பலவீனமான பிள்ளை மல்லாக்கப் படுத்தால் உருளும். என் மகனுக்கு வலது தோள் மெல்ல இறங்கும், வலது காதுக்குள் தண்ணீர் போகும், பயந்து விறைப்பான், விறைத்ததும் இன்னும் வேகமாக உருளுவான். நாங்கள் தோளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தோம், பலனில்லை. தலையை இடது பக்கம் கொஞ்சம் திருப்பச் சொன்னதும் உருளுவது நின்றது. இடது பக்கச் சுவரில் ஒரு சிவப்பு வாளியை வைத்து "வாளியைப் பார்" என்பதுதான் எங்கள் வழி. உங்கள் பிள்ளை எந்தப் பக்கம் உருளுகிறது என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது குப்புற விழுந்தால் மல்லாக்கத் திரும்புவது. அதன்பின் மல்லாக்கப் படுத்தபடியே கையைப் பக்கவாட்டில் அசைத்துச் சுவருக்கு வந்து பிடிப்பது. இவ்வளவும் வந்த பிறகு நீச்சல் வகைகளைப் பற்றிப் பேசலாம். இதற்கே மாதக்கணக்கில் போகும். பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து நாளில் பழகியதை யாரும் சொல்ல வந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

8. வலிப்பு வந்தால்

வலிப்புள்ள பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள், கையெட்டும் தூரத்தில், எப்போதும். மருந்து ஒரு வேளை தவறினாலும், இரவு தூங்காவிட்டாலும், காய்ச்சல் என்றாலும் அன்றைக்குத் தண்ணீர் இல்லை.

தண்ணீருக்குள் வந்துவிட்டால் பின்னால் நின்று தலையைத் தாங்கி, முகத்தைத் தண்ணீருக்கு மேலே வையுங்கள். ஆழம் குறைந்த பக்கத்துக்கு நகர்த்துங்கள். உதறல் நிற்கும்வரை தாங்கிக்கொண்டு நிற்பது, வழுக்கும் சுவரில் இழுத்து ஏற்றுவதை விடப் பாதுகாப்பு. ஆனால் முகத்தை மேலே வைத்திருக்க முடியாவிட்டால் உடனே வெளியே எடுங்கள். வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் மூச்சைப் பாருங்கள், மூச்சு இருந்தால் பக்கவாட்டில் படுக்கவையுங்கள், இல்லாவிட்டால் மூச்சுக் கொடுத்து நெஞ்சை அமுக்க ஆரம்பியுங்கள். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. பிள்ளை எழும்பிச் சிரித்தாலும் ஆஸ்பத்திரிக்குக் காட்டியே ஆகவேண்டும். தண்ணீர் நுரையீரலுக்குள் போயிருக்கலாம், அது பிறகுதான் தெரியவரும்.

9. வெளியே வந்ததும், வகுப்பில்லாத மாதங்களிலும்

துவாயைத் தடாகக் கரையிலேயே தயாராக வைத்திருங்கள், அறைக்குள் அல்ல. தலையைத் துடைத்துக் கம்பளித் தொப்பி, உலர்ந்த உடுப்பு, பிளாஸ்கில் இளஞ்சூடாக இஞ்சி போட்ட பிளேன்டீ. பஸ் ஏறுமுன் அரை மணித்தியாலம் உட்காரவையுங்கள்.

தடாகத்தில் மிதக்கத் தெரிந்த பிள்ளை என்று ஓடையில் இறக்காதீர்கள். காசல்ரீ, மவுசாக்கலை போன்ற நீர்த்தேக்கங்களில் கரை சட்டென்று ஆழமாகும், தண்ணீரும் குளிர். அணைக்குக் கீழே உள்ள ஆற்றில் வான்கதவு திறந்தால் மேலே மழையில்லாத நாளிலும் வெள்ளம் வரும். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் தண்ணீரைக் கண்டால் அந்தப் பக்கமே போவார்கள். நீச்சல் பழகியதும் அந்த ஆசை கூடலாம், ஆகவே லயத்தைச் சுற்றியுள்ள தண்ணீர்த் தாங்கி, பீலித் தொட்டி எல்லாவற்றுக்கும் மூடி இருக்கிறதா என்று வகுப்பு ஆரம்பிக்கும் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். தோட்டத்துக்குச் சொந்தமான தாங்கிக்கு மூடி இல்லையென்றால், தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதமாகவே கொடுத்து, ஒரு கொப்பியைக் கிராம உத்தியோகத்தரிடமும் கொடுங்கள். வாயால் சொன்னால் நடக்காது.

மழை மாதங்களில் தடாகத்துக்குப் போக முடியாது. அப்போது பேசினையும் பிங்பொங் பந்தையும் விட்டுவிடாதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் ஊதும் பயிற்சி, தரையில் பாய் விரித்துத் தாடையை நெஞ்சுக்குக் கொண்டுவந்து எழும்பும் பயிற்சி, அதே நான்கு சொற்களோடு. ஜனவரியில் திரும்பப் போகும்போது டொக்டர் கடிதத்தின் திகதியைப் பாருங்கள். மருந்து மாறியிருந்தால் புதிதாக எடுக்க வேண்டும், அதற்கு டிசம்பர் கிளினிக்கிலேயே சொல்லிவைப்பது நல்லது.